ஒரு படம் விழுந்தால் எத்தனை படம் விழும்? சூப்பர்ஹீரோ யூனிவர்ஸ் கட்டும் வழிகள்: ஓர் ஒப்பீடு

2008 ஜூனில் வந்த ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ உலகம் முழுக்க 26 கோடி டாலர்தான் வசூலித்தது. ஏறத்தாழ 15 கோடி செலவில் எடுத்த படம். தியேட்டர்காரர்களின் பங்கு போக, அசலே தேறியிருக்காது. ஆனாலும் அதற்கடுத்து மார்வெல் எடுத்த நான்கு படங்களில் ஒன்றுகூட இதனால் நிற்கவில்லை, தள்ளாடவுமில்லை. 2016 மார்ச் 25-ல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ வசூலித்ததோ 87 கோடி டாலர், ஹல்க்கைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தப் படம் வார்னர் பிரதர்ஸின் மொத்தத் திட்டத்தையும் ஆட்டிவிட்டது.

பல படங்களின் நாயகர்களும் ஒரே கதையுலகில் வாழ்வதுதான் சூப்பர்ஹீரோ யூனிவர்ஸ். அதைப் பற்றிய பேச்செல்லாம் ‘தனிப்படங்கள் முதலிலா, கூட்டுப்படம் முதலிலா’ என்ற கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. முதலீடு செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வரிசையில் ஒரு படம் ஊற்றிக்கொண்டால், கூடவே எத்தனை படங்கள் விழும்? இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் இங்கே எல்லா வழிகளையும் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. டிக்கெட் வசூலில் அமெரிக்காவில் பாதியளவும் மற்ற நாடுகளில் 40 சதவீதம் அளவும் சீனாவில் கால்வாசியும்தான் ஸ்டுடியோ கைக்கு வரும். விளம்பரச் செலவு தனி. அதனால்தான் ‘பட்ஜெட்டைப்போல இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் தப்பிக்கலாம்’ என்பது தொழிலில் பேச்சுவழக்குக் கணக்கு. 20 கோடி டாலர் படத்துக்கு 50 கோடி வசூல் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எண்கள் தாமே பேசும்.

தனித்தனியாக, மெதுவாக

மார்வெலின் முதல் ஐந்து படங்கள் மாபெரும் தீர்க்கதரிசனம் என்று இன்று எழுதுகிறார்கள். கையில் இருந்ததை வைத்துச் சமைத்த சமையல் அது. ஸ்பைடர்மேன் சோனியிடமும், எக்ஸ்-மென், ஃபென்டாஸ்டிக் ஃபோர் இரண்டும் ஃபாக்ஸிடமும் ஏற்கெனவே போய்விட்டன. மிஞ்சிய பாத்திரங்களில் பத்தை அடமானம் வைத்து, 2005-ல் மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றார்கள். ஒரு படத்துக்கு 16.5 கோடி என்பது உச்சவரம்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்துப் பேர் பட்டியலில் அயர்ன்மேனே கிடையாது. அவருடைய உரிமை நியூ லைனிடமிருந்து திரும்பி வந்தது அதன் பிறகுதான்.

அந்த உச்சவரம்புதான் அவர்களைக் காப்பாற்றியது. 14 கோடியில் எடுத்த ‘அயர்ன்மேன்’ 58.5 கோடி வசூலித்தது. யூனிவர்ஸுக்காக அந்தப் படம் செலவழித்தது எவ்வளவு? கிரெடிட் ஓடி முடிந்தபின் சாமுவேல் ஜாக்சன் வந்து அவெஞ்சர்ஸ் பற்றிப் பேசும் அரை நிமிடம்தான் பெரிதாகச் சொல்லக்கூடியது. படம் ஓடாமல் போயிருந்தால் அந்த அரை நிமிடத்தை யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. நம்மூரில் சொல்லும் ‘அடுத்த பாகத்துக்கு லீட்’ என்பது இவ்வளவு மலிவாகத்தான் இருக்க வேண்டும். அதன்பின் ‘அயர்ன்மேன் 2’, ‘தோர்’, ‘கேப்டன் அமெரிக்கா’ என்று போய், 2012 மேயில் ‘அவெஞ்சர்ஸ்’ 150 கோடி டாலரைத் தாண்டியது. நான்கு ஆண்டுகளில் ஐந்து தனிப்படங்கள், பிறகு ஒரு கூட்டுப்படம்.

‘திரைக்கதை முடியாமல் படப்பிடிப்புக்குப் போகாதே’ என்ற அறிவுரைக்கு ‘அயர்ன்மேன்’ ஒரு விதிவிலக்கு. முழுத் திரைக்கதை கையில் இல்லாமல்தான் போனார்கள், வசனங்களை அன்றன்றைக்குப் பேசிப் பார்த்து எழுதினார்கள் என்பதை அதில் நடித்த ஜெஃப் பிரிட்ஜஸே சொல்லியிருக்கிறார். தப்பித்ததற்குக் காரணம், அந்தக் கதை வேறெந்தக் கதைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்துப் படங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை மார்வெலே பிற்பாடு காட்டியது.

இந்த வழிக்கும் விலை உண்டு. எல்லாப் படங்களையும் ஒருவர் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். மார்வெலில் அது கெவின் ஃபைகி. அப்படி ஒருவர் இருந்தால் தனிக்குரல் உள்ள இயக்குநர்களுக்கு இடம் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் ‘ஆன்ட்-மேன்’ கதையைச் செதுக்கிய எட்கர் ரைட் 2014 மேயில் விலகினார். படம் வேறொருவர் கையில் அடுத்த ஆண்டே வந்து, சுமாராக ஓடியது. அந்த இழப்பு வசூல் கணக்கில் தெரியாது.

கூட்டுப்படத்துக்கு ஓட்டம்

‘அவெஞ்சர்ஸ்’ வசூலைப் பார்த்த வார்னர், 2014 அக்டோபரில் 2020 வரைக்குமான பத்துப் படங்களைத் தேதியோடு அறிவித்தது. அப்போது அந்த உலகில் வெளியாகியிருந்தது ஒரே ஒரு படம், 2013-ன் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’. இரண்டாவது படத்திலேயே பேட்மேன், வொண்டர் வுமன் எல்லாரும் வந்தாயிற்று. ஃபிளாஷ், அக்வாமேன், சைபார்க் மூவரின் அறிமுகம் இன்னும் விசேஷம். புரூஸ் வெய்ன் மின்னஞ்சலில் அனுப்பிய வீடியோ கோப்புகளை வொண்டர் வுமன் கணினியில் திறந்து பார்க்கிறார், அவ்வளவுதான். வருங்காலத்தில் ஆளுக்கொரு படம் சுமக்க வேண்டிய நாயகர்கள் மின்னஞ்சல் இணைப்பாக அறிமுகமானார்கள்.

இங்கே கதையைவிடப் பெரிய பிழை நாட்காட்டியில் இருந்தது. ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ அமெரிக்காவில் இரண்டாவது வார இறுதியில் 69 சதவீதம் சரிந்தது. ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஸ்டுடியோவுக்கு உறுதியாகத் தெரிந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். ‘ஜஸ்டிஸ் லீக்’ படப்பிடிப்பு தொடங்கியது ஏப்ரல் 11. கற்றுக்கொள்ள ஒரு வாரம் மட்டுமே இருந்தது. செட் போட்டாயிற்று, கால்ஷீட் வாங்கியாயிற்று. தொனியைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று ஓடும் வண்டியில் சக்கரம் மாற்றினார்கள்.

மீதிக் கதை தெரிந்ததுதான். 2017 மேயில் குடும்பத்தில் நேர்ந்த துயரத்தால் சாக் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வீடன் வந்து ஏராளமான காட்சிகளைத் திரும்ப எடுத்தார். வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்த ஹென்றி கேவிலுக்கு அதை எடுக்க அனுமதியில்லை. சூப்பர்மேனின் மேலுதட்டைக் கணினியில் வரைந்து ஒட்டினார்கள், அது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நவம்பர் ரிலீஸ் தேதியைத் தள்ளவில்லை. சுமார் 30 கோடி செலவு, 66 கோடி வசூல். மேலே சொன்ன இரண்டரை மடங்குக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பத்துப் படப் பட்டியலில் இருந்த சைபார்க் படம் எடுக்கப்படவே இல்லை.

அதே ஆண்டு வந்த ‘வொண்டர் வுமன்’ 82 கோடி எடுத்தது. கதை நடப்பது முதல் உலகப் போரில். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் சின்னக் காட்சிகளை வெட்டிவிட்டால் மற்றப் படங்களோடு ஒட்டே இல்லை. 2018-ல் ‘அக்வாமேன்’ கடலுக்கடியில் தன் பாட்டுக்கு விளையாடி 115 கோடியைத் தொட்டது. தங்கள் யூனிவர்ஸை எந்தப் படங்கள் மறந்தனவோ அவைதான் ஓடின.

இதை வைத்துக் கூட்டுப்படத்தில் தொடங்கவே கூடாது என்று முடிவுகட்டிவிட முடியாது. 2000-ல் ‘எக்ஸ்-மென்’ குழுவாகத்தான் தொடங்கியது, 7.5 கோடியில் எடுத்து 29 கோடிக்கு மேல் வசூல். 2014-ல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’யும் அப்படித்தான். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஒரே கப்பலில் மாட்டிக்கொண்ட ஐந்து பேர் என்று குழுவே ஒரு குடும்பமாக இருந்தால் அதை ஒரே படத்தில் அறிமுகப்படுத்தலாம். தனித்தனியே ஊர்ப்பெயர் வாங்கிய ஐந்து நாயகர்களைச் சேர்ப்பது சம்பந்தம் பேசுவது மாதிரி. இரண்டு வீட்டையும் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நாயகனில்லாத ஊர்

சோனியின் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பைடர்மேனை மார்வெல் படங்களுக்கு 2015 ஒப்பந்தத்தில் பகிர்ந்துவிட்டு, அவருடைய வில்லன்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் வைத்துத் தனி உலகம் கட்டப் பார்த்தார்கள். 2018-ல் ‘வெனம்’ 85 கோடி எடுத்ததும் நம்பிக்கை வந்தது. பிறகு ‘மோர்பியஸ்’ 17 கோடி, ‘மேடம் வெப்’ 10 கோடி, 2024 டிசம்பரில் ‘கிரேவன்’ 6 கோடி. நம் அளவுகோலில் இந்த வழி பாதுகாப்பானது போலத் தெரியும், ஒன்று விழுந்து இன்னொன்றை இழுக்கவில்லையே என்று. உண்மை என்னவென்றால் ஒன்று எழுந்தாலும் இன்னொன்றை அது தூக்கவில்லை. வெனம் ஓடியது டாம் ஹார்டிக்காகவும் ஏற்கெனவே புகழ்பெற்ற அந்தக் கறுப்புப் பூதத்துக்காகவும். மற்றவர்களுக்கு அந்தப் புகழ் இல்லை, அவர்கள் மோத வேண்டிய ஆளும் படத்தில் இல்லை. கையில் உரிமை இருக்கிறது என்பது மட்டும் படம் எடுக்கக் காரணமாகாது.

பின்னால் தைப்பது

ஸ்டுடியோக்கள் போதுமான அளவு கண்டுகொள்ளாத வழி இது. 2000-ல் புரூஸ் வில்லிஸ் நடித்த ‘அன்பிரேக்கபிள்’ வந்தது. பதினாறு ஆண்டு கழித்து, வெறும் 90 லட்சம் டாலரில் ‘ஸ்ப்ளிட்’ என்றொரு கடத்தல் திரில்லர். கடைசிக் காட்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் புரூஸ் வில்லிஸ் உட்கார்ந்திருக்கிறார். அந்த நொடியில்தான் இரண்டும் ஒரே உலகம் என்று தெரிகிறது. வசூல் 27.8 கோடி. 2019-ல் ‘கிளாஸ்’ இரண்டையும் சேர்த்தது. முதல் படத்தை வெளியிட்டது டிஸ்னி, இரண்டாவது யூனிவர்சல் என்பதால், மூன்றாவதை அமெரிக்காவில் ஒருவரும் வெளிநாடுகளில் மற்றவரும் வெளியிட வேண்டியிருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. 2019 தீபாவளிக்கு ‘கைதி’ வந்தபோது அது ஓர் இரவில் நடக்கும் லாரிக் கதை, அவ்வளவே. 2022-ல் ‘விக்ரம்’ படத்தில் நரேனின் பிஜோய் மறுபடி வந்தபோதுதான் தையல் தெரிந்தது. அது சூப்பர்ஹீரோ படமல்ல என்றாலும் முறை அதேதான். ஓடிய படத்தை மட்டும் எடுத்துத் தைப்பது. ஓடாததை யாரும் தைக்கச் சொல்லப்போவதில்லை. ஒன்று விழுந்தால் கூடவே விழுவது எத்தனை என்ற கேள்விக்குப் பூஜ்யம் என்று பதில் சொல்லும் வழி இது.

என்ன பிசகும்? உரிமையும் ஒப்பந்தமும். முதல் படத்து நடிகரிடம் அடுத்த படத்துக்கான விருப்ப உரிமையை (வேண்டுமானால் முன்பே பேசிய சம்பளத்தில் அழைத்துக்கொள்ளும் ‘ஆப்ஷன்’) எழுதி வாங்கியிருக்க மாட்டார்கள். படம் ஓடியபின் சம்பளம் வேறு. பாத்திரத்தின் உரிமை தயாரிப்பாளரிடமா இயக்குநரிடமா என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்காது. ஆகவே ‘யூனிவர்ஸ் எண்ணமே இல்லை’ என்று எடுக்கும் சின்னப் படத்திலும், இரண்டு படங்களுக்கான விருப்ப உரிமையையும், பாத்திரத்தை வேறு படத்தில் பயன்படுத்தும் உரிமையையும் முதல் ஒப்பந்தத்திலேயே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். அன்றைக்கு அது மலிவு.

இதற்கு நேர்எதிர், யூனிவர்சல் தன் பழைய திகில் பாத்திரங்களை வைத்துக் கட்ட நினைத்த ‘டார்க் யூனிவர்ஸ்’. 2017 மேயில் பெயர், இலச்சினை, டாம் குரூஸ், ஜானி டெப், ரஸல் குரோ எல்லாரும் நிற்கும் ஒரு புகைப்படம். மறுமாதம் ‘தி மம்மி’ வந்து 41 கோடியில் நின்றது, உலகம் அங்கேயே முடிந்தது. 2020-ல் அதே ஸ்டுடியோ எந்த உலகத்தையும் அறிவிக்காமல் 70 லட்சம் டாலரில் ‘தி இன்விசிபிள் மேன்’ வெளியிட்டு 14 கோடி பார்த்தது.

தீவுகள்

யூனிவர்ஸே வேண்டாம், பாத்திரம் மட்டும் போதும் என்பதும் ஒரு முடிவுதான். 2017-ல் ‘லோகன்’ 62 கோடி. 2019-ல் ‘ஜோக்கர்’ 107 கோடி, அதுவும் வழக்கமான சூப்பர்ஹீரோ பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு செலவில். 2022-ல் ‘தி பேட்மேன்’ 77 கோடி. இயக்குநருக்கு முழுச் சுதந்திரம், ரசிகருக்கு வீட்டுப்பாடம் கிடையாது. குறை ஒன்றே: அடுத்தவருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அக்வாமேனை ஜோக்கர் கொண்டுவந்து அறிமுகப்படுத்த முடியாது. எல்லாரும் அறிந்த பாத்திரம் கையில் இருந்தால்தான் இது கைகூடும்.

நடுவில் இறங்குவது

2022 நவம்பரில் ஜேம்ஸ் கன், பீட்டர் சாஃப்ரன் இருவரும் டிசி படங்களின் (வார்னரின் சூப்பர்மேன், பேட்மேன் உலகம்) பொறுப்பை ஏற்றபோது, முந்தைய ஆட்சியின் மிச்சம் இன்னும் ரிலீஸ் ஆகவேண்டியிருந்தது. அந்தக் குழப்பத்தின் உச்சம் ‘பிளாக் ஆடம்’. அக்டோபரில் அதன் கடைசியில் ஹென்றி கேவில் வந்து நின்றார், திரும்பி வந்துவிட்டேன் என்று அறிவித்தார். டிசம்பரில் இல்லை என்று அவரே சொல்ல வேண்டிவந்தது. ‘இந்த உலகம் முடியப்போகிறது’ என்று எல்லாருக்கும் தெரிந்தபின் 2023-ல் வந்த ‘தி ஃபிளாஷ்’ 27 கோடியில் அடங்கியது. பழையதை முழுக்க விற்றுத் தீர்த்தபின்தான் புதியதை அறிவிக்க வேண்டும் என்பது துணிக்கடைக்காரருக்கே தெரிந்த விஷயம்.

2025 ஜூலையில் வந்த கன்னின் ‘சூப்பர்மேன்’ பிறப்புக் கதையைத் தொடவில்லை. வீரர்கள் பல காலமாக இருக்கும் உலகம், சூப்பர்மேன் மூன்றாண்டாக வேலை பார்க்கிறார், கிரீன் லேன்டர்ன் ஒருவர் பக்கத்தில் நின்று எரிச்சலோடு பேசுகிறார். யாருக்கும் அறிமுகம் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. செலவு 22.5 கோடி, வசூல் 61 கோடிக்கு மேல். இரண்டரை மடங்கைத் தாண்டியது, ஆனால் நூலிழையில். தீவுகளை மூடாமல் ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ என்ற தனிப்பெயரில் விட்டுவைத்ததும், திரைக்கதை முடியாத படத்துக்குப் பச்சைக்கொடி இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் நல்ல முடிவுகள்.

எல்லாரும் அறிந்த பெயர் கையில் இருப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி. புதுப் பெயர்களோடு தொடங்குபவர் நடுவில் இறங்கினால் ரசிகர் கரையிலேயே நின்றுவிடுவார். 2025 ஆகஸ்டில் மலையாளத்தில் வந்த ‘லோகா’ இதை வேறு விதமாகத் தீர்த்தது. புதுப் பெயர்களைத் தேடாமல் யட்சி, சாத்தன், ஒடியன் என்று பாட்டி கதையில் கேட்ட உருவங்களை எடுத்துக்கொண்டது. கேரள ரசிகருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. ஏறத்தாழ 30 கோடி ரூபாய்ப் படம், 300 கோடிக்கு மேல் வசூல். உரிமைக்காக யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லாத பாத்திரங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன என்பது தனிப் பேச்சு.

எதைத் தேர்வது, எங்கே கவனம்

பெயர் இல்லாத பாத்திரங்கள், சொந்தப் பணம் என்றால்: பின்னால் தைப்பது. பெயரில்லை, ஆனால் பத்தாண்டு பொறுக்கும் முதலீட்டாளரும் ஒரே தலைமையும் உண்டு என்றால்: 2008 மார்வெல் வழி, உச்சவரம்போடு. பெரிய பெயர் உண்டு என்றால்: நடுவில் இறங்கி, கூடவே ஒன்றிரண்டு தீவுகள். சோனி வழியை யாருக்கும் சொல்வதற்கில்லை.

எந்த வழியில் போனாலும் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, ஓடிடி தொடர்கள். மார்வெல் முதல் 11 ஆண்டுகளில் 23 படங்கள் எடுத்தது. 2021, 2022 இரண்டே ஆண்டுகளில் 7 படங்களும் 8 தொடர்களும் வந்தன. 2023-ன் ‘தி மார்வெல்ஸ்’ படத்தின் மூன்று நாயகிகளில் ஒருவருக்குச் சக்தி வந்தது ஒரு தொடரில், இன்னொருவர் அறிமுகமானதே வேறொரு தொடரில். முந்தைய பாகம் 113 கோடி எடுத்த இடத்தில் இது 20 கோடியில் நின்றது. தொடரைப் பார்த்தவருக்குப் படம் இனிக்கலாம். பார்க்காதவருக்குக் கசக்கக் கூடாது. எழுத்து மேசையிலேயே இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: இந்த உலகின் எந்தப் படத்தையும் பார்க்காத ஒருவரிடம் திரைக்கதையைக் கொடுத்து, ‘இவர் யார்’ என்று எத்தனை இடத்தில் கேட்கிறார் என எண்ண வேண்டும். மூன்றைத் தாண்டினால் திரும்ப எழுத வேண்டும். எண்ணிக்கை கூடினால் கிராபிக்ஸ் கலைஞர்களின் தலையிலும் விழும். 2023 செப்டம்பரில் மார்வெலின் சொந்த விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் சங்கம் அமைக்க வாக்களித்ததற்குப் பின்னால் இருந்தது இந்த வேலைப்பளுதான். பிறகு டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகரே ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று படங்கள், இரண்டு தொடர்கள் என்று குறைத்தார்.

இரண்டாவது, நடிகர். ஜாக்சனிடம் ஒன்பது படங்களுக்கும் கிறிஸ் எவன்ஸிடம் ஆறு படங்களுக்கும் கையெழுத்து வாங்கியது மார்வெல். நல்ல காப்பீடுதான். ஆனால் ஒப்பந்தத்தால் தடுக்க முடியாதவையும் உண்டு. ‘லோகி’ தொடர், ‘குவாண்டமேனியா’, அடுத்த அவெஞ்சர்ஸ் படத்தின் தலைப்பு என்று எல்லாவற்றையும் காங் என்ற ஒரு வில்லன்மேல் ஏற்றியிருந்தார்கள். அந்த வேடத்தில் நடித்த ஜொனாதன் மேஜர்ஸ் 2023 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானதும் நீக்கப்பட்டார். வில்லன் போனார், தலைப்பு போனது, 2024 ஜூலையில் ராபர்ட் டவுனி ஜூனியரை வேறொரு வில்லனாகக் கூட்டிவர வேண்டியிருந்தது. வேறு நடிகரைப் போட்டிருக்கலாமே என்றால், ஆம், போட்டிருக்கலாம். அதே நிறுவனம் ஒரு காலத்தில் அதைக் கூச்சமில்லாமல் செய்தது. ஹல்க்காக எட்வர்டு நார்ட்டனுக்குப் பதில் மார்க் ரஃபலோ வந்தார். ‘அயர்ன்மேன் 2’ படத்தில் டெரன்ஸ் ஹோவர்டுக்குப் பதிலாக டான் சீடில் உள்ளே நுழைகிறார். வந்ததும் அவர் பேசும் வசனத்தின் சாரம்: நான்தான் வந்திருக்கிறேன், பழகிக்கொள்ளுங்கள், மேலே போகலாம். அடுத்த காட்சிக்குள் எல்லாரும் பழகிவிட்டார்கள்.